காற்றின் மேல் வண்டி ஓட்டியவர்: ஜான் பாய்ட் டன்லப்



டன்லப் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? நம் வளாகத்துப் பெரியவர்களுக்கு மெத்தையும் தலையணையும் நினைவுக்கு வரலாம். அம்பத்தூர்ப் பக்கமிருந்து இங்கே குடிவந்தவர்களுக்குத் தொழிற்சாலையும் பஸ் நிறுத்தமும் வரலாம். டென்னிஸ் ஆடும் பிள்ளைகளுக்குப் பந்து. இத்தனைக்கும் அது ஒரு மனிதரின் பெயர். அவர் இன்ஜினியர் இல்லை, ரப்பர் வியாபாரியும் இல்லை. குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்த கால்நடை மருத்துவர்.

அவரைப் பற்றி இப்போது எழுதக் காரணம் உண்டு. போன கோடையில் திண்டிவனம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது என் காரின் பின்பக்க இடது டயர் வெடித்தது. பின் சீட்டில் என் மனைவியும் பேரனும் இருந்தார்கள். கார் ஒரு பக்கமாக இழுத்தது. பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் ஸ்டியரிங்கை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டு, வேகம் தானாகக் குறைந்த பிறகு ஓரம் கட்டினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டயரில் பட்டன் நன்றாகவே இருந்தது, அதனால் எனக்கு ஒன்றும் புரியவில்லை. வழியில் இருந்த பஞ்சர் கடைக்காரர் டயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு எண்களைத் தொட்டுக் காட்டினார். என் டயருக்கு வயது ஒன்பது. ஓய்வு பெற்ற பிறகு காரை அதிகம் எடுப்பதில்லை, ஆகவே டயர் தேயவில்லை. தேயாத டயர் நல்ல டயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீடு திரும்பியதும் டயரைப் பற்றித் தேடிப் படித்தேன். அப்படித்தான் டன்லப்பின் கதைக்கு வந்து சேர்ந்தேன். அதைத் தெரிந்துகொண்டால் நம் காருக்கு எந்த டயர் சரி, அதை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் சேர்ந்தே புரிந்துவிடுகிறது.

குதிரை வைத்தியர்

ஜான் பாய்ட் டன்லப் 1840ஆம் ஆண்டு பிப்ரவரி 5 அன்று ஸ்காட்லாந்தின் டிரெகார்ன் என்ற ஊரில் பிறந்தார். இரண்டு மாதம் முன்னதாகவே பிறந்த குழந்தை என்று வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். அதனால் தனக்கு உடம்பு பலமில்லை என்றே அவர் வாழ்நாள் முழுவதும் நம்பினார், எதிலும் நிதானமாக இருந்தார். ஆனால் 81 வயது வரை அவருக்குப் பெரிய வியாதி எதுவும் வரவில்லை. தேயாமலே பழசான என் டயருக்கு நேர் எதிரான ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எடின்பரோவில் கால்நடை மருத்துவம் படித்து 1859இல், 19 வயதிலேயே, தேர்ச்சி பெற்றார். சில ஆண்டுகள் அங்கேயே தொழில் பார்த்துவிட்டு 1867இல் அயர்லாந்துக்குப் போனார். பிறகு பெல்ஃபாஸ்ட் நகரத்தில் நிலைத்தார். அந்தக் காலத்தில் பால் வண்டி, சாமான் வண்டி, வாடகை வண்டி என எல்லாவற்றையும் இழுத்தது குதிரைதான். நல்ல குதிரை வைத்தியருக்கு ஓய்வு இருக்காது. டன்லப்பின் தொழில் அயர்லாந்திலேயே பெரியவற்றில் ஒன்றாக வளர்ந்தது. 1876இல் மார்கரெட் ஸ்டீவன்சனைத் திருமணம் செய்துகொண்டார். ஒரு மகளும் ஒரு மகனும் பிறந்தார்கள்.

அந்த நாளின் சாலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தெருவெல்லாம் கருங்கல் பாவியிருக்கும். நடுவே டிராம் தண்டவாளம். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை, சைக்கிளுக்குக் கெட்டி ரப்பர். ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் தெரியும். நாள் முழுவதும் அந்தத் தெருக்களில் வண்டியில் போய் வந்த டன்லப்புக்கு இது நன்றாகத் தெரியும்.

கொல்லையில் ஒரு சோதனை

1887இல் அவருடைய மகன் ஜானிக்கு ஏறக்குறைய பத்து வயது. பையனிடம் மூன்று சக்கர சைக்கிள் ஒன்று இருந்தது. கெட்டி ரப்பர் டயரோடு கல் தெருவில் ஓட்டினால் உடம்பெல்லாம் குலுங்கியது. வேகமும் எடுக்கவில்லை. தகப்பனார் யோசிக்க ஆரம்பித்தார்.

மெல்லிய ரப்பர் தாளை ஒட்டி ஒரு குழாய் செய்தார். அதை வட்டமான ஒரு மரப்பலகையின் விளிம்பைச் சுற்றி வைத்து, மேலே லினன் துணியால் இழுத்துக் கட்டி ஆணி அடித்தார். கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பால் காற்று அடைத்தார். பிறகு கொல்லைப்புறத்தில் இரண்டு சக்கரங்களை உருட்டிப் பார்த்தார். ஒன்று மகனின் சைக்கிளில் இருந்து கழற்றிய கெட்டி ரப்பர் சக்கரம், மற்றொன்று காற்று அடைத்த மரச் சக்கரம். முதலாவது பாதி வழியில் சாய்ந்து விழுந்தது. இரண்டாவது கொல்லையைக் கடந்து போய் வாசல் தூணில் மோதித் திரும்பி வந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். காற்று ஏன் ஜெயித்தது? கெட்டிச் சக்கரம் ஒரு கல்லைத் தாண்ட வேண்டுமென்றால் வண்டி முழுவதையும் தூக்கிக்கொண்டு அதன் மேல் ஏறி இறங்க வேண்டும். ஒவ்வொரு கல்லிலும் அந்த அளவு வேகம் வீணாகிறது. காற்றுச் சக்கரமோ கல் பட்ட இடத்தில் மட்டும் உள்ளே அமுங்கி உடனே பழைய வடிவத்துக்கு வந்துவிடுகிறது. வண்டி மேலே தூக்கப்படுவதே இல்லை. ஆக, பையனின் முதுகுக்குச் சுகம் தேடப் போனவருக்கு வேகமும் சேர்ந்து கிடைத்தது.

அந்தக் கொல்லைச் சக்கரத்தில் இருந்த மூன்றுமே இன்று நம் காரிலும் இருக்கின்றன. பாரத்தைத் தாங்குவது காற்று. காற்றை வெளியே போகாமல் பிடித்து வைப்பது ரப்பர். அந்த ரப்பர் பலூன் மாதிரி ஊதிவிடாமல் இழுத்துக் கட்டுவது துணி. உங்கள் டயரை அறுத்துப் பார்த்தால் ரப்பருக்குள் நூல் அடுக்குகளும், அதற்கு மேல் எஃகு இழைகளும் தெரியும். டன்லப்பின் லினன் துணி செய்த அதே வேலையைத்தான் அவை செய்கின்றன.

சிரித்தவர்கள் வாயடைத்த நாள்

1888 டிசம்பர் 7 அன்று டன்லப்புக்குக் காப்புரிமை கிடைத்தது. அப்போதும் இது சைக்கிளுக்கான டயர்தான். மெல்லிய சக்கரங்களைப் பார்த்தே பழகியவர்களுக்கு இந்தத் தடித்த டயர் கேலிப் பொருளாக இருந்தது. பெல்ஃபாஸ்ட் சைக்கிள் கிளப் ஒன்றின் தலைவரான வில்லி ஹ்யூம் மட்டும் துணிந்து அதை மாட்டிக்கொண்டார். 1889 மே 18 அன்று குயின்ஸ் கல்லூரி விளையாட்டுப் போட்டியில் இறங்கினார். நான்கு பந்தயங்கள், நான்கிலும் ஹ்யூம்தான் முதலிடம்.

அவரிடம் தோற்றவர்களில் டப்ளின் நகரத்து ஹார்வி டு குரோவின் மகன்களும் இருந்தார்கள். டு குரோ காகித வியாபாரி, சைக்கிள் பந்தயப் பிரியர். மகன்கள் தோற்றதில் வருத்தப்படுவதை விட்டுவிட்டு, ஜெயித்த டயரைப் பிடித்துக்கொண்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் டப்ளினில் ஒரு கம்பெனி தொடங்கியது. டன்லப் தன் காப்புரிமையைக் கம்பெனிக்குக் கொடுத்துப் பங்குகள் வாங்கிக்கொண்டார்.

முன்பே ஒருவர்

கம்பெனி ஓட ஆரம்பித்த சிறிது காலத்திலேயே இடி விழுந்தது. டன்லப்பின் காப்புரிமை செல்லாது என்று அவருக்குத் தெரிவிக்கப்பட்டது. காரணம், இதே ஸ்காட்லாந்தில் பிறந்த ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் 1845லேயே காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். குதிரை வண்டிகளில் மாட்டி லண்டன் ரீஜென்ட்ஸ் பூங்காவில் ஓட்டியும் காட்டியிருந்தார். அப்போது மெல்லிய ரப்பர் கிடைப்பதும் அரிது, விலையும் அதிகம். சைக்கிளும் வந்திருக்கவில்லை. யாரும் வாங்காததால் அந்தச் சக்கரம் மறந்தே போனது. தாம்சனும் 1873இல் காலமாகிவிட்டார். டன்லப் தன் கொல்லையில் சக்கரத்தை உருட்டியபோது அவருக்கு இது எதுவும் தெரியாது.

வேறு யாராக இருந்தாலும் கம்பெனியை மூடியிருப்பார்கள். டு குரோ வேறு வழி பார்த்தார். டன்லப்பின் முதல் டயரில் ஒரு பெரிய குறை இருந்தது. அதை ரிம்மோடு சேர்த்து ஒட்டிவிடுவார்கள். பஞ்சர் ஆனால் எல்லாவற்றையும் உரித்து எடுக்க வேண்டும். இந்தக் குறைக்கு சார்லஸ் வெல்ச் என்பவர் 1890இல் ஒரு தீர்வு கண்டார். டயரின் ஓரத்துக்குள் நீட்சி இல்லாத கம்பி வளையத்தை வைத்து, அது ரிம்மின் பள்ளத்தில் கவ்விப் பிடிக்கும்படி செய்தார். கம்பெனி அந்தக் காப்புரிமையை வாங்கிக்கொண்டு பிழைத்தது.

பஞ்சர் கடையில் டயரை நெம்பும்போது ஓரத்தில் தடித்த விளிம்பு ஒன்று தெரியும், கவனித்திருப்பீர்கள். அதற்குள் இருப்பது வெல்ச்சின் கம்பி வளையம்தான். இன்றைய ட்யூப்லெஸ் டயரில் காற்று வெளியேறாமல் ரிம்மோடு அணைத்துப் பிடிப்பது அந்த விளிம்பே. காற்று குறைந்த டயரில் வண்டியை ஓட்டினாலோ, பள்ளத்தில் வேகமாக இறக்கினாலோ முதலில் அடிபடும் இடங்களில் அதுவும் ஒன்று.

காருக்கு இந்தக் காற்று டயரைக் கொண்டு வந்தவர்கள் பிரான்சின் மிஷலின் சகோதரர்கள். 1895இல் நடந்த பாரிஸ்–போர்தோ–பாரிஸ் பந்தயத்தில் காற்று டயர் மாட்டிய காரை ஓட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர், குறித்த நேரத்துக்குள் முடிக்கவும் முடியவில்லை. ஆனால் ஒரு காரின் எடையைக் காற்றால் தாங்க முடியும் என்பதை ஊரே பார்த்துவிட்டது.

பெயர் மட்டும் தங்கியது

டன்லப்புக்கு வியாபாரச் சண்டைகள் ஒத்துவரவில்லை. வைத்தியத் தொழிலை விட்டு டப்ளினுக்குக் குடிபெயர்ந்தவர், 1895 வாக்கில் கம்பெனியுடன் இருந்த தொடர்பையும் முடித்துக்கொண்டார். அடுத்த ஆண்டே, 1896இல், டு குரோ அந்தக் கம்பெனியை 30 லட்சம் பவுண்டுக்கு விற்றார். வாங்கியவர் கொஞ்ச நாளிலேயே அதை 50 லட்சம் பவுண்டு மதிப்பில் பங்குச் சந்தைக்குக் கொண்டு போனார். அந்தப் பெரும் பணம் டன்லப்பின் கைக்கு வரவில்லை. பிறகு அவர் டப்ளினில் ஒரு ஜவுளி நிறுவனத்தின் நிர்வாகத்தில் இருந்துகொண்டு அமைதியாக வாழ்ந்தார்.

1921 அக்டோபர் 23 அன்று, லேசான சளிக்காய்ச்சலுக்குப் பிறகு, டப்ளினில் அவர் காலமானார். டீன்ஸ்கிரேஞ்ச் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். பின்னாளில் வட அயர்லாந்தில் நார்தர்ன் பேங்க் வெளியிட்ட 10 பவுண்டு நோட்டில் அவர் படம் இடம்பெற்றது. அவர் பெயரோ பல நாடுகளில் பல கம்பெனிகளின் கைக்கு மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கிறது.

காப்புரிமை நிற்கவில்லை, பெரும் பணமும் சேரவில்லை. இருந்தாலும் இன்று சாலையில் ஓடும் வண்டிகளில் கிட்டத்தட்ட எல்லாமே காற்றின் மேல்தான் ஓடுகின்றன. மகனின் முதுகு வலிக்கக் கூடாது என்று நினைத்த ஒரு அப்பாவின் வேலை அது. நம் கார்களின் பின் சீட்டில் உட்காருவதும் நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். ஆகவே அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவற்றைப் பார்ப்போம்.

நம் பார்க்கிங்கில் இருக்கும் டயர்கள்

முதல் விஷயம் காற்று. காற்று குறைந்தால் டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரியும். 80 கிலோமீட்டர் வேகத்தில் சாதாரணக் காரின் சக்கரம் நொடிக்குப் பதினோரு முறைக்கு மேல் சுற்றுகிறது. அத்தனை முறை மடங்கினால் டயர் சூடாகும். சித்திரை வெயிலும் சாலைச் சூடும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் நூலும் ரப்பரும் பிரிந்து டயர் வெடிக்கும். எவ்வளவு காற்று வேண்டும் என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும். ஆள் நிறைய, சாமான் நிறைய என்றால் அதற்குத் தனி அளவு போட்டிருப்பார்கள். டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு, அதைப் பார்த்து அடிக்காதீர்கள். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடக் காட்டினால் காற்றை இறக்கிவிடக் கூடாது.

இரண்டாவது வயது. பக்கவாட்டில் ஒரு சிறிய நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். ஓடாமல் நின்றாலும் ரப்பர் காய்ந்து கெட்டியாகும். ஐந்து ஆண்டு தாண்டினால் ஆண்டுக்கு ஒரு முறை தெரிந்தவரிடம் காட்டுங்கள். பத்து ஆண்டு ஆகிவிட்டால் பட்டன் எப்படி இருந்தாலும் மாற்றிவிடுங்கள். விரிசலோ கொப்பளமோ தெரிந்தால் வயதைப் பார்க்கவே வேண்டாம், உடனே மாற்றுங்கள். டிக்கியில் தூங்கும் ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான்.

மூன்றாவது பட்டன். ஐப்பசி மழையில் டயரின் பள்ளங்கள்தான் தண்ணீரை ஒதுக்கித் தள்ளி ரப்பரைச் சாலையோடு சேர்க்கின்றன. பள்ளம் ஆழமில்லாவிட்டால் கார் தண்ணீரின் மேல் மிதக்கும். அப்போது பிரேக்கும் ஸ்டியரிங்கும் வேலை செய்யாது. பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன ரப்பர் மேடு இருக்கும், உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பே மாற்றுவது நல்லது. இரண்டு டயர் மட்டும் புதிதாகப் போடுவதாக இருந்தால் பின்பக்கம் போடச் சொல்லுங்கள். ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், அதைப் பிடித்து நிறுத்துவது கடினம்.

நான்காவது அளவு. 185/65 ஆர் 15 88 ஹெச் என்று எழுதியிருக்கிறதா? அகலம் 185 மில்லிமீட்டர். பக்கவாட்டின் உயரம் அகலத்தில் 65 சதவீதம். ரிம் 15 அங்குலம். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். ஹெச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. நடுவில் இருக்கும் ஆர், ரேடியல் என்பதைக் குறிக்கும். அதில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகப் போகும். பழைய டயரில் அவை குறுக்கும் நெடுக்குமாகப் போய் ஒன்றோடொன்று உரசிச் சூடேறும். பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று அகலமும் தட்டையுமான டயருக்கு மாறுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பக்கவாட்டின் உயரம் குறைந்தால் பள்ளத்தைத் தாங்கும் காற்றும் குறைகிறது. டன்லப் கல் தெருவிலிருந்து காப்பாற்றியதை நாமே காசு கொடுத்துத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி அது. நம் தெருவில் மழைநீர்க் கால்வாய்க்குத் தோண்டி மூடிய பள்ளங்களை நினைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

கடைசியாக, பிள்ளைகள் குளிர் நாடுகளில் இருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழக்கும். மலைச்சிகரத்துக்குள் பனித்துகள் படம் பொறித்த டயர்தான் அங்கே பனிக்காலத்துக்குச் சரி. அதே டயரை நம் ஊர் வெயிலில் ஓட்டினால் சீக்கிரம் தேய்ந்துவிடும். எந்தச் சாலை, எந்தப் பருவம், எவ்வளவு பாரம் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே முறை. விலையும் பிராண்டும் அதற்கு அடுத்தபடிதான்.

நான் காற்று அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு காலை 7 மணி முதல் 8 மணி வரை கீழ்த்தளப் பார்க்கிங்கில் இருப்பேன். வண்டியை எடுப்பதற்கு முன் வந்தால் நான்கு டயரையும் ஸ்டெப்னியையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். ஐந்து நிமிட வேலைதான். ஊருக்குக் கிளம்புகிறவர்கள் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்த நான்கு எண்களைப் படிக்க அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால், அடுத்த முறை நம் டயரின் வயதை அவர்களே நமக்குச் சொல்லிவிடுவார்கள்.